காசுக்கட்டி ராஜகுமாரி

மக்கா,

இன்று காலை வேதபாட நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு சினிமா நோட்டீஸ் நழுவி விழுந்தது. ரோஸ் நிறக் காகிதம், அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. நாகர்கோவிலுக்கு வந்திருக்கும் கூடாரக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் படம் ஓட்டுகிறார்களாம். அதில் ஆட்களே கிடையாது. யாரோ கையால் வரைந்த படங்கள் எழுந்து நடக்கின்றன, பாடுகின்றன, அழுகின்றன. நோட்டீஸில் அந்தப் படத்து ராஜகுமாரி நின்றாள். கூந்தலுக்கும் உடைக்கும் மையைக் கொட்டியிருந்தவர்கள், அவள் முகத்தில் ஒரு பொட்டு மைகூடப் படாமல் காகிதத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

"படம் பாத்தியா?" என்று கேட்டேன். அடி விழும் என்று தெரிந்தும் அந்தப் பிள்ளை ஆசையை அடக்க முடியாமல் சொன்னாள். "பாத்தேன் டீச்சர். ராசாத்தி எப்பிடி இருந்தா தெரியுமா? பால்ல முக்கி எடுத்த மாதிரி இருந்தா." அதைச் சொன்ன பிள்ளை உன் நிறம். நான் அடிக்கவில்லை. நோட்டீஸை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, பாடத்தைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளைச் சங்கீதம் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடமாக எழுதாத ஒன்றை இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

நாம் இருவரும் ஒரே வருடத்தில் இந்த மிஷன் பெண்பள்ளிக்கு வந்தவர்கள். நீ மேற்கே, கருங்கல் பக்கம். நான் நாகர்கோவில்காரி. நீ பேசினால் பாட்டுப் படிப்பது போல இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். நான் பேசினால் சண்டைக்கு வருவது போல இருக்கிறது என்று நீ திருப்பிக் கொடுப்பாய். நீ கறுப்பு. இதைச் சுற்றி வளைத்து எழுத மாட்டேன். யாராவது மரியாதைக்கு "மாநிறம்" என்று சொன்னால் உனக்குத்தான் எரிச்சல் வரும். "கறுப்புன்னு பறஞ்சா நாக்கு வெந்தா போவும்?" என்பாய். நான் வெளுப்பு. அதைக் காப்பாற்ற என் வீட்டில் என்னை வெயிலில் இறக்கியதே இல்லை. படிப்பு, பாட்டு, தையல் எதை எடுத்தாலும் நான் உனக்கு ஒரு படி கீழேதான். ஆனால் ஊர் பார்த்தது அதையல்ல.

உன்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் கையைக் காட்டி, "அந்தப் பிள்ளை யாரு?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? அவர்கள் படியிறங்கியதும் நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "அடுத்த மட்டம் வந்தியானா சாக்கு போட்டு மூடிட்டு வா மக்கா," என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு இனித்தது. உன்னிடம் சொல்லாமல் விட்டவற்றில் இதுதான் சின்னது.

சுவரில் படம் காட்டும் அந்த லாந்தர் பள்ளிக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். கப்பலேறி வந்த தகரப்பெட்டி. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, மேலே புகைபோக்கி, முன்னால் தடித்த கண்ணாடிக் குழல். படம் எழுதிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக நடுவில் செருகினால், சுவரில் கட்டிய படுக்கை விரிப்பில் ஆள் உயரத்துக்குப் படம் விழும். சனிக்கிழமை மத்தியானங்களில் சன்னல்களுக்கெல்லாம் ஓலைப்பாய் கட்டி இருட்டாக்கி, போர்டிங் பிள்ளைகள் நாற்பது பேரை வியர்க்க வியர்க்க உட்கார வைப்போம். விளக்கும் கண்ணாடியும் என் பொறுப்பு. கதை உன் பொறுப்பு. இங்கிலீஷில் அச்சடித்து வந்த கதைத்தாளை நீ ஒரு தடவை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாய். கப்பல் உடைந்து கரையொதுங்கிய ராஜகுமாரி, ஊர் ஊராக அந்நிய வீடுகளில் வேலை செய்து, கடைசியில் தன் அரண்மனைக்கே திரும்பிப் போகிற கதையை உன் வாய்ப்போக்கில் சொன்னாய். கப்பலை நம் குளச்சல் பக்கம் உடைய வைத்தாய். ராஜகுமாரிக்குக் கஞ்சியும் துவையலும் கொடுத்தாய்.

மொத்தம் பன்னிரண்டு கண்ணாடி. கடைசிக் கண்ணாடிதான் விசேஷம். மரச்சட்டத்துக்குள் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்றில் மாடத்தில் நிற்கும் ராஜகுமாரி, இன்னொன்றில் அவள் வலது கை மட்டும். சட்டத்தின் ஓரத்தை இழுத்தால் கை மேலே எழும்பி அசையும். அதை நான் இழுத்ததும் நாற்பது பிள்ளைகளும் கூச்சல் போட்டுத் திருப்பிக் கை அசைப்பார்கள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "நம்ம டீச்சரப் போலயே இருக்கா!" என்பார்கள். எனக்கு ராசாத்தி டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். "சும்மா இருங்க பிள்ளைகளா," என்று அதட்டுவேன். ஒருத்தியும் சும்மா இருந்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டுதான் அதட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை சமையல்புரையில் வேலை செய்த முத்தாய்க் கிழவியும் வந்து பின்னால் உட்கார்ந்தாள். அந்த ராஜகுமாரியின் சட்டை, வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் விருந்துச் சட்டை. தோள் இரண்டும் திறந்து கிடக்கும். கிழவி ஒவ்வொரு கண்ணாடிக்கும் உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள், "பாவம்பிள்ளா, ராசா மவளுக்குமா தோள்சீலை போட விடல்ல?"

பெரிய பிள்ளைகள் கப்சிப் ஆகிவிட்டார்கள். தோளை மூடியதற்காக நம் பெண்களை மேல்சாதிக்காரர்கள் சந்தையில் மறித்துச் சீலையைக் கிழித்த கதை தெரியாத வீடு இங்கே ஏது? கிழவியைப் பெற்ற அம்மைக்கு அது நடந்தது. பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா மட்டும் ஒன்றும் விளங்காமல், "ஏன் எல்லாரும் அமைதியாகிவிட்டீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "அவ கேட்டதுல என்ன தப்பு?" என்று என்னைக் கேட்டாய்.

அன்றைக்குத்தான் நீ ஞானப்பூவையும் கவனித்தாய். ஏழு வயது, மயிலாடிக்காரி, தகப்பன் கல்கொத்துகிறவர். உன்னைவிடக் கறுப்பு. எல்லாரும் கை அசைக்கும்போது அவள் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ போய் அவள் பக்கத்தில் குந்தினாய்.

"ஏட்டி, ராசாத்தி கை காட்டுதா. நீ காட்டலியா?"

"அவ என்னயப் பாத்துக் காட்டல்ல டீச்சர்."

"பின்ன யாரப் பாத்துக் காட்டுதா?"

பிள்ளை யோசித்துவிட்டு என் பக்கம் விரலை நீட்டினாள். "அந்த டீச்சர."

அடுத்த மாதம் அவள் தகப்பனிடம் பேச நாம் மயிலாடிக்கு நடந்து போனோம். பட்டறையில் ஆளுயர அம்மன் சிலை ஒன்று பாதி முடிந்து நின்றது. கன்னங்கரேல் என்று, எண்ணெய் தடவினது போல மினுங்கியது. எந்தக் கோயிலுக்கோ போகப்போகிற சிலை. நீ வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும் வழியில் சொன்னாய், "கண்டியா மக்கா? இவங்களுக்குக் கும்பிடுததுக்குக் கறுப்பு வேணும், கூட்டிக்கிட்டுப் போறதுக்கு வெளுப்பு வேணும்." உன் குரலில் அத்தனை கசப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அந்தப் பெண் பார்க்க வந்த நாளில் நீ சிரித்தது சிரிப்பல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் குடையை என் பக்கம்தான் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

கடைசிக் கண்ணாடியில் ராஜகுமாரி நிற்கும் துண்டு சூட்டில் விரிசல் விட்டு உடைந்தபோது நீ ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை. "நான் எழுதுதேன்," என்று மிஸ்ஸியம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாய். முதல் தடவை விளக்குக்கரியும் மையும் சேர்த்து எழுதினாய். விரிப்பில் போட்டுப் பார்த்தோம். ராஜகுமாரி இருந்த இடத்தில் ஒரு மொத்த நிழல் நின்றது. கண்ணுமில்லை, மூக்குமில்லை. நீ பயந்துபோனாய். பிறகு நாலு நாள் என்னென்னவோ கரைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கையெல்லாம் கறையோடு ஓடிவந்தாய். முத்தாய்க் கிழவியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து, பாக்கோடு சேர்த்து மெல்லும் பழுப்புக் காசுக்கட்டியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, வேப்பம்பிசின் சேர்த்துக் கண்ணாடியில் பூசியிருந்தாய். அந்த நிறத்துக்குள் வெளிச்சம் புகுந்து வந்தது. "கறுப்புன்னா வெளிச்சத்த மறைக்கணும்னு இல்ல மக்கா, பாத்தியா," என்றாய். விரிப்பில் நின்ற முகம் ஈரமண் போல, உயிரோடு இருந்தது. தோளில் வெள்ளைத் தோள்சீலை. கை மட்டும் இருந்த பழைய துண்டையும் சுரண்டி அதே நிறத்தில் எழுதிவிட்டாய்.

மற்ற பதினொரு கண்ணாடியிலும் அவள் வெள்ளைக்காரிதானே என்று நான் கேட்டேன். கதை சொல்கிறவளுக்கு அது ஒரு தடையா? "ஊரூரா வெயில்ல நடந்து, நம்ம ஆளுகளுக்க கூட வேல செய்து, அவளுக்கு நம்ம நெறம் கிட்டிச்சு," என்று ஒரு வரி சேர்த்துவிட்டாய். 'கிட்டிச்சு' என்றாய், ஏதோ வரம் கிடைத்தது போல.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் சட்டத்தை இழுத்தேன், கறுத்த கை எழும்பியது. முதலில் யாரும் கை அசைக்கவில்லை. அப்புறம் ஞானப்பூ பெஞ்சுமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கதையின் கடைசி வரியை நீ சொல்லாமலே விட்டுவிட்டாய். பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். பிறகு வழக்கம்போலத் திரும்பினார்கள். என்னை நோக்கி அல்ல. உன்னைப் பார்த்து, "நம்ம டீச்சரப் போலயே இருக்கா!" என்றார்கள். சன்னல் பாயை அவிழ்த்ததும் உன் மடியிலும் தோளிலும் தொங்கினார்கள். நான் சூடான தகரப்பெட்டி ஆறுவதற்காகக் காத்து நின்றேன்.

மிஸ்ஸியம்மா தடுத்தார், சபை மூப்பர் தடுத்தார் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்! மூப்பர் ஒருவர் முணுமுணுத்தார்தான். அவர் எதற்குத்தான் முணுமுணுக்கவில்லை? மிஸ்ஸியம்மாவோ வெகுநேரம் பார்த்துவிட்டு, இதுபோல இன்னொன்று எழுதித் தருவாயா, சீமைக்கு அனுப்புகிறேன் என்றார். யாரும் தடுக்கவில்லை மக்கா. நான்கு சனிக்கிழமை அவள் கை அசைத்தாள். நான்கு சனிக்கிழமையும் ராசாத்தி டீச்சர் நீ.

ஐந்தாம் சனிக்கிழமை நீ பிள்ளைகளை வரிசையாக அழைத்துவரப் போயிருந்தாய். நான் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பானையில் கைக்குட்டையை நனைத்தேன். அவள் முகத்தைத் துடைத்தேன். முகத்தை மட்டும், இரண்டே தேய்ப்பு. காசுக்கட்டி வெற்றிலைச் சாறு போலத் துணியில் இறங்கியது. என் மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை.

கடைசிக் கண்ணாடி விழுந்தது. வெறும் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் தடையில்லாமல் பாய்ந்ததால், முகம் இருந்த இடம் கண் கூசும் வெள்ளையாக எரிந்தது. கீழே கறுத்த கை அசைந்தது. ஒரு பிள்ளை கத்தினாள், "ராசாத்தி வெளுத்துட்டா!" மற்றவர்களும் கைதட்டினார்கள். நீ விழுந்தடித்துக்கொண்டு லாந்தர் பக்கம் ஓடிவந்தாய்.

"சூட்டுல பிசின் எளகிட்டு போல," என்றேன். எனக்கே ஆச்சரியமாக, குரல் பிசிறவில்லை.

நீ கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் பிடித்து வெளியே எடுத்துப் பார்த்தாய். "பிசின் போதல்ல," என்றாய். "என் கைப்பிழைதான் மக்கா."

ஞானப்பூ கைதட்டவில்லை, கையும் அசைக்கவில்லை. தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படும் நேரத்தில் அவளைக் காணோம் என்று தேடினோம். கிணற்றடியில், துவைகல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, செங்கல் துண்டால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. அழவில்லை. நீ செங்கல்லைப் பிடுங்கியதும்தான் அழுதாள்.

"அவளுக்கு மூஞ்சிதான் மொதல்ல வெளுத்துது டீச்சர். கை பொறவுதான் வெளுக்கும். நானும் மூஞ்சியிலருந்துதான் தொடங்கினேன்."

நீ அவளை அள்ளி எடுத்துக்கொண்டு ஓடினாய். புண் சீழ்கட்டி, காய்ச்சல் வந்து, இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தாள். நீ வகுப்புக்கும் போகாமல் அவள் பக்கத்திலேயே இருந்தாய். "நெறம் வந்துதுன்னு நான்தானே கத சொன்னேன். வந்தது போவும்னு பிள்ளை நெனச்சிட்டு. எழுதத் தெரியாதவ என்னத்துக்கு எழுதப் போனேன்?" என்று என்னிடம்தான் சொல்லிச் சொல்லி அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையால்தான் தடவினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ என்னை அறைந்திருப்பாய், முகத்தில் விழிக்காதே என்று சொல்லியிருப்பாய். ஆனால் உன்னை நீ மன்னித்திருப்பாய்.

நீ மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அஞ்சுகிராமத்துக்குப் போனாய். அங்கே உன்னைப் பார்க்க வந்த ஒரு தடவை, பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாயா என்று கேட்டேன். "கணக்கு மட்டும் எடுக்கேன்," என்றாய். நாலு வருடத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. கடைசியாக நீ எழுதின கடுதாசியில் இரண்டே விஷயம். உனக்கு உடம்பு தேவலை, இது பொய். ஞானப்பூவுக்குக் கன்னத்தில் தழும்பு மறைந்துவிட்டதா, இது கேள்வி. மறைந்துவிட்டது என்று பதில் எழுதினேன். அதுவும் பொய். அது உன் கைக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ, தெரியாது.

போன மாதம் ஞானப்பூ கல்யாணக் கடுதாசி கொண்டுவந்தாள். பத்தொன்பது வயது. மாப்பிள்ளை நாகர்கோவிலிலேயே வேலை பார்க்கிறார், அவள் வீட்டாரும் இப்போது இங்கேதான் குடியிருக்கிறார்கள். முகமெல்லாம் பவுடர், தழும்பு இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. காப்பி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அந்தப் படம் எழுதின டீச்சர் செத்துப்போனாவளாமே?"

"ஆமா, மக்களே. எட்டு வருசம் ஆச்சு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "செத்தவங்களப் பத்திக் கொறை சொல்லப்பிடாது டீச்சர். ஆனாலும் எனக்கு அவங்க மேல கோவம் இன்னும் தீரல்ல. மாப்பிள்ளை வீட்டுல மொதல்ல கேட்டதே இந்தக் கன்னத்தப் பத்தித்தான். அவங்களுக்கு என்னய வச்சா வெளயாடணும்? நீங்க நல்லா இருந்திய. நீங்க எங்கள ஒண்ணும் செய்யல்ல."

எனக்குப் பேச வாய் வந்தது. இல்லை, அப்படி எழுதுவதுகூடப் பொய். வாய் வரவேயில்லை. "இன்னும் கொஞ்சம் காப்பி குடிக்கியா?" என்று கேட்டேன். அவள் குடித்தாள். வாசல்வரை கூட வந்து வழியனுப்பினேன். வெயில் உறைக்கிறதே என்று என் குடையைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

உன்னிடமிருந்து நான் கொண்டுவந்த பொருள் எதுவும் என்னிடம் இல்லை. படமில்லை, கண்ணாடியில்லை, அந்தக் கடுதாசிகூட எறும்பரித்துப் போயிற்று. நான் சுமந்துகொண்டிருப்பது உன் மேல் விழுந்து கிடக்கிற என் பழியை. பன்னிரண்டு வருடமாக அதை இறக்கி வைக்க முடிந்தபோதெல்லாம், கவனமாக உன் தலையிலேயே மறுபடி சரிசெய்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை நீ உயிரோடிருக்கும்போது, ஒரு தடவை நீ போனபின்.

ஞானப்பூவின் வீடு இங்கிருந்து கால் மணி நேர நடைதான். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவளிடம் போகாமல், வாசிக்க முடியாத உனக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.